ஐந்து சின்னப்பாக்களும் ஒரு மயானமும்

மயிலிட்டி, காங்கேசன்துறைக் கரையோரத்து முதியவர்களிடம் அரிச்சந்திரன் என்று சொன்னால் அவர்களுக்கு நினைவில் வரும் முகம் நடிகமணி வி. வி. வைரமுத்துவுடையது. 1924இல் காங்கேசன்துறையில் பிறந்து 1989இல் மறைந்த அந்தக் கலைஞர், வசந்த கான சபா என்ற தம் குழுவுடன் ‘மயான காண்ட’த்தை ஆயிரக்கணக்கான இரவுகள் மேடையேற்றியவர். அதே அரிச்சந்திரனைப் பாக்கு நீரிணைக்கு அப்பால், 1944இல், திரைப்படத்தில் நடித்தவர் பி. யு. சின்னப்பா. வைரமுத்துவைப் பற்றி ஈழத்தில் அவ்வப்போது யாராவது எழுதுகிறார்கள். சின்னப்பாவைப் பற்றி எழுதுவோர் குறைவு. தமிழகத்திலும், எம். கே. தியாகராஜ பாகவதரின் பெயரைச் சொல்லி முடித்ததும், ‘அவருக்குப் போட்டியாக இருந்தவர்’ என்ற ஒரு வரியில் இவரைக் கடந்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு வரி நியாயமானதல்ல என்பதே என் எண்ணம். பாகவதர் பாடகர். பாடுவதற்கு வசதியாக இடையிடையே நடித்தார் என்றாலும் தவறில்லை. சின்னப்பா அப்படியல்லர். பாட்டு, வசனம், வாள், சிலம்பம், குஸ்தி, தாளம், இரட்டை வேடம், மூன்று வேடம் என்று ஒரு கொட்டகை முழுவதையும் தன் உடம்புக்குள் வைத்துக்கொண்டு திரைக்கு வந்தவர். அந்த உடம்பைத் தமிழ்த் திரைப்படம் என்ன செய்தது? இந்தக் கேள்விக்காகவே சின்னப்பாவின் தொழில்வாழ்வை இங்கே மறுவாசிப்புச் செய்ய முயல்கிறேன். வைரமுத்து இதில் ஓர் உரைகல்லாக வருவார். ஒரே பாடத்தில் பயின்று, திரையால் அல்லாமல் மேடையால் வாழ்ந்த ஒருவரை அருகில் வைத்துப் பார்த்தால்தான் மற்றவருக்கு நேர்ந்தது விளங்கும்.

‘இலக்கியச் சஞ்சிகையில் சினிமாக்காரனுக்கு என்ன வேலை’ என்று கேட்கக்கூடிய நண்பர்கள் நம் வட்டத்தில் உண்டு. கூத்தாடிகளைப் பற்றிய இந்த இளக்காரம் யாழ்ப்பாணத்து மேட்டுக்குடிக்கும் நமக்கும் பொதுவானது. காரணங்கள் மட்டும்தான் வேறு. ஆனால் சின்னப்பா வந்த மேடையின் மூதாதையரைத் தேடிப் போனால், அங்கே உருது பேசும் ஒரு தலைமுறையைத்தான் சந்திப்போம்.

லக்னோவில் வாஜித் அலி ஷாவின் ஆட்சிக் காலத்தில், 1853இல், ஆகா ஹஸன் அமானத் எழுதிய ‘இந்திரசபா’ என்ற உருது இசைநாடகம்தான் பின்னாளில் பார்சிக் கம்பனிகள் பம்பாயிலிருந்து ஊர் ஊராகக் கொண்டுபோன நாடகங்களுக்கு வழிகாட்டி. வரைந்த திரைச்சீலைகள், தந்திரக் காட்சிகள், ஹார்மோனியம், கஸல் மெட்டுகள், இடையிடையே கோமாளி. இந்தக் கலவையைச் சுமந்துகொண்டு பார்சிக் கம்பனிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னைக்கும் கொழும்புக்கும் வந்தன. சிங்களத்தில் ‘நூர்த்தி’ அதிலிருந்து பிறந்தது. தமிழில் அதே கலவை, தெருக்கூத்தோடும் கீர்த்தனையோடும் சேர்ந்து இசைநாடகமாயிற்று. யாழ்ப்பாணத்தவர் அதைக் கொட்டகைக் கூத்து என்றனர். ‘டிறாமா மோடி’ என்ற பெயரும் உண்டு. பாரசீகத்திலிருந்து உருதுவழி வந்த ‘குலேபகாவலி’யும் ‘லைலா மஜ்னு’வும் ‘வள்ளி திருமண’த்தின் அயலில் இடம்பிடித்த மேடை அது. பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாப் வேடம் தரித்த டி. எஸ். ராஜமாணிக்கம், சாகும்வரை ‘நவாப்’ ராஜமாணிக்கமாகவே அறியப்பட்டார். நம் பக்கத்திலிருந்தும், வண்ணக்களஞ்சியப் புலவரின் ‘அலிபாதுஷா நாடகம்’ என்ற பெயரை நம் இலக்கிய வரலாறுகள் சொல்கின்றன. ஆகவே இந்த மேடையை முழுக்க முழுக்க மற்றவர் சொத்தென்று ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை. அதில் நமக்கு உள்ள பங்கைப் பெருமையடித்துக்கொள்ளவும் வேண்டியதில்லை. அது பலருடைய கலவை என்பதே போதும்.

மேனாட்டில் இதே காலத்தில் ‘வாடவில்’ என்ற பல்சுவை மேடை அமெரிக்காவில் கோலோச்சியது. ஒருவர் பாடுவார், அடுத்தவர் கரணம் அடிப்பார், பின்னால் வருபவர் சிரிக்கவைப்பார். 1880களில் வளர்ந்து, பேசும்படம் வந்தபின் 1930களில் சரிந்தது. நியூயோர்க்கின் புகழ்பெற்ற பலஸ் அரங்கு 1932இல் படக்கொட்டகையாக மாறியது. நம்மூர் ஸ்பெஷல் நாடகத்துக்கும் அதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. அங்கே ஆளுக்கொரு வித்தை. இங்கே கதை ஒன்று. ஆனால் அந்தக் கதையை நடத்தும் ராஜபார்ட் எல்லா வித்தையும் தெரிந்தவனாக இருக்கவேண்டும். ஒத்திகை கிடையாது. ஸ்திரீபார்ட் ஓர் ஊரிலிருந்தும், பபூன் இன்னோர் ஊரிலிருந்தும், ஹார்மோனியக்காரர் வேறோர் ஊரிலிருந்தும் வந்து அன்றிரவே மேடையில் சந்திப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாடம் மட்டும். எதிரில் இருப்பவர் ஒரு கேள்வியைப் பாட்டாகப் போட்டால், அதே தாளத்தில் பதில் போடவேண்டும். தவறினால் சனம் விடாது. ‘ஒன்ஸ்மோர்’ கேட்ட அதே வாய் கூச்சலும் போடும்.

இந்த மேடைக்குத்தான் புதுக்கோட்டைச் சிறுவன் சின்னசாமி வளர்க்கப்பட்டான். பிறப்பு 1916 மே 5. தந்தை உலகநாதபிள்ளையும் நாடக நடிகர். சிறுவயதிலேயே தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவிலும், பின்னர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பனியிலும் சேர்க்கப்பட்டான். பாய்ஸ் கம்பனி என்பது பள்ளிக்கூடமும் சிறைச்சாலையும் சேர்ந்த ஓர் இடம். விடியலில் சாதகம், பகலில் பாடம், இரவில் நாடகம், தவறுக்கு அடி. கண்டியில் பிறந்து தமிழகம் போன எம். ஜி. இராமச்சந்திரன் என்ற சிறுவனும் அதே மதுரைக் கம்பனியில்தான் வளர்ந்தான். சின்னப்பா ராஜபார்ட்டாக நின்ற நாடகங்களில் அவன் சின்ன வேடங்களைத் தாங்கினான். பின்னால் வரலாறு அந்த வரிசையைத் தலைகீழாக்கியது வேறு கதை.

பாய்ஸ் கம்பனிக்காரர்கள் எல்லோரும் அஞ்சிய ஒன்று மகரக்கட்டு. குரல் உடையும் வயது. பாட முடியாத ராஜபார்ட்டுக்குக் கம்பனியில் சோறு இல்லை. சின்னப்பாவுக்கும் அது வந்தது. கம்பனியைவிட்டு விலகினார். அந்த இடைவெளியில் அவர் செய்தவை கவனத்திற்குரியவை. ஒருபுறம் முறைப்படி சங்கீதம் கற்றார். மறுபுறம் சிலம்பம், குஸ்தி, பாரந்தூக்குதல் என்று உடம்பைப் பழக்கினார். குரல் கைவிட்டால் உடம்பு, உடம்பு கைவிட்டால் குரல் என்று இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து வைத்ததாகவே எனக்குப் படுகிறது. குரல் திரும்பி வந்தபோது முன்பிருந்த கீச்சுக்குரலாக இல்லை. சற்றுக் கனத்து, அடிவயிற்றிலிருந்து எழும் குரலாக வந்தது. பாகவதரின் குரலைப்போல் அது காற்றில் மிதக்காது, நிலத்தில் கால் ஊன்றி நிற்கும்.

1936இல் ஜுபிடர் நிறுவனத்தின் ‘சந்திரகாந்தா’ மூலம் திரைக்கு வந்தார். இயக்கியவர் பி. கே. ராஜா சாண்டோ, மௌனப்படக் காலத்து உடற்பயிற்சி வீரர். சின்னப்பாவுக்கு ஏற்ற ஆசான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதன்பின் வந்த சில படங்கள் அவரைத் தூக்கிவிடவில்லை. அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை.

திருப்பம் 1940இல். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் எடுத்த ‘உத்தமபுத்திரன்’. டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. ஒரே தோற்றம் கொண்ட இரு சகோதரர்களில் ஒருவன் கொடுங்கோலன், மற்றவன் நல்லவன். தமிழில் இரட்டை வேடம் என்ற வழக்கம் இப்படத்தோடுதான் வேர்கொண்டது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேடை நடிகனுக்கு இரட்டை வேடம் புதிதல்ல. ஓர் இரவில் முற்பகுதியில் ஒருவனாகவும் பிற்பகுதியில் இன்னொருவனாகவும் வருவது கொட்டகையில் நித்திய வழக்கம். ஆனால் மேடையில் அவன் தனக்கு எதிரே தானே நிற்க முடியாது. திரை அதைச் செய்து காட்டியது. பார்த்தவன் வாயைப் பிளந்தான். அந்த வியப்பு நடிப்புக்குரியதா, கமராவுக்குரியதா என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சின்னப்பாவின் பன்முகத் திறமை என்பது ‘எத்தனை சின்னப்பா’ என்ற கணக்காக மாறத் தொடங்கியது.

அந்தக் கணக்கின் உச்சம் 1944இல் பட்சிராஜா நிறுவனத்துக்காக எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘ஜகதலப்பிரதாபன்’. அதில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் கொன்னக்கோல் சொல்பவராகவும் ஐந்து சின்னப்பாக்கள் ஒரே நேரத்தில் திரையில் அமர்ந்திருக்கிறார்கள். அக்காலத்தில் இதற்கென்றிருந்த வழி, சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்துவைத்துப் படம்பிடித்து, படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபகுதியைத் திறந்து மீண்டும் பிடிப்பது. ஒருமுறை தாளம் பிசகினாலும் எல்லாம் வீண். இந்தத் தந்திரத்தை அமெரிக்காவில் பஸ்டர் கீட்டன் 1921இலேயே ‘தி பிளேஹவுஸ்’ என்ற குறும்படத்தில் செய்துவிட்டார். அவரும் குழந்தைப் பருவம் முதல் வாடவில் மேடையில் பெற்றோரோடு விழுந்து எழும்பி வளர்ந்தவர். தம் படத்தில் வாத்தியக்காரரும் அவரே, ஆட்டக்காரரும் அவரே, இரசிகர் கூட்டத்திலிருக்கும் கிழவியும் அவரே.

இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு துலங்கும். கீட்டனின் காட்சி ஒரு கேலி. எல்லாப் பெருமையையும் ஒருவனே எடுத்துக்கொள்வதைப் பார்த்து அவர் சிரிக்கிறார். சின்னப்பாவின் காட்சியில் கேலி இல்லை. அது ஒரு சத்தியவாக்குப் போன்றது. ‘எனக்கு இவ்வளவும் தெரியும், எந்த இடத்தில் உட்காரவைத்தாலும் நான் சபைக்குப் பதில் சொல்வேன்’ என்று பாய்ஸ் கம்பனியில் அடிவாங்கிக் கற்ற பையன் சொல்வது போலிருக்கிறது. தமிழ்த் திரையில் இதைவிட மகிழ்ச்சியான ஐந்து நிமிடங்கள் குறைவு. ஆயினும் இதில் ஒரு தனிமை உண்டு. கொட்டகையில் அவனோடு போட்டியிட ஹார்மோனியக்காரர் இருந்தார். திரையில் அவனோடு போட்டியிட அவனே மிஞ்சினான்.

அவருடைய நடிப்பின் உண்மையான எடையைக் காண இந்த வித்தைகளைவிட ‘ஆர்யமாலா’ (1941), ‘கண்ணகி’ (1942) என்ற இரண்டையும்தான் பார்க்கவேண்டும். ‘கண்ணகி’யில் பி. கண்ணாம்பாவின் சீற்றமும், மணிக்கொடி வட்டத்திலிருந்து வந்த இளங்கோவனின் வசனமும் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிட்டன. கோவலனுக்கு எஞ்சியது குற்றவுணர்ச்சி மட்டுமே. சின்னப்பா அதைக் குரலை அடக்கிச் செய்கிறார். வாள் சுழற்றிய கை சும்மா தொங்கும்போது வரும் ஒரு சோர்வு அங்கே இருக்கிறது.

‘ஆர்யமாலா’ நமக்கு இன்னும் நெருக்கமானது. அது காத்தவராயன் கதை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மாரியம்மன் கோயில்களில் நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கூத்தை அறியாதவர் எவருமில்லை. இந்து அயலவரோடு வாழ்ந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கும் அந்தத் துள்ளல் நடையின் தாளம் காதில் இருக்கும். சாதி கடந்து ஆரியமாலையை விரும்பிய குற்றத்துக்காகக் கழுமரம் ஏறியவன் காத்தான். கூத்தில் கழுவேறுவது ஒரு சடங்கு. ஆடுபவன் விரதம் இருந்திருக்கிறான். பார்ப்பவர் கும்பிடுகிறார்கள். படத்தில் அந்தச் சடங்கு கழன்று, மாயாஜாலமும் மாறுவேடமும் காதல் பாட்டும் என்.எஸ். கிருஷ்ணன் – மதுரம் சோடியின் நகைச்சுவையும் அந்த இடத்தை நிரப்பின. இதை வெறும் இழப்பென்று சொல்லிவிட நான் தயாரில்லை. மாறுவேடம் ஒவ்வொன்றிலும் சின்னப்பா நடையை மாற்றுகிறார், பேச்சை மாற்றுகிறார். ஒருவன் எந்தச் சாதிக்காரன் என்பது நடையிலும் பேச்சிலும் உடையிலும் இருப்பதாக ஊர் நம்புகிறது. ஒரு நடிகன் அதை நிமிடத்துக்கு நிமிடம் கழற்றிப் போட்டு மாட்டுகிறான். படம் எடுத்தவர்கள் இதை நினைத்து எடுத்திருக்கமாட்டார்கள். பிரதி தன் ஆசிரியரை மீறிச் சொல்லும் இடங்களில் இதுவும் ஒன்று.

இனி அரிச்சந்திரனுக்கு வருவோம். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமே பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ (1913). பார்சிக் கம்பனிகளின் பெரும் வெற்றி நாடகங்களில் ஒன்றும் அதுவே. 1944இல் தமிழில் இரண்டு அரிச்சந்திரன் வந்தன. ஒன்று சின்னப்பா – கண்ணாம்பா நடித்தது. மற்றது கன்னடப் படத்துக்குத் தமிழ்க்குரல் ஏற்றி ஏவி. மெய்யப்பன் வெளியிட்டது. பிறர் உதட்டுக்குத் தமிழ் பேசும் மொழிமாற்றுப் படம் தமிழில் அதிலிருந்துதான் தொடங்கிற்று. சொந்தக் குரலில் பாடி நடித்த ராஜபார்ட்டும், குரலும் உடம்பும் வேறு வேறான புதுமையும் ஒரே ஆண்டில், ஒரே கதையில், நேருக்கு நேர் வந்து நின்றன. அந்த ஆண்டு சின்னப்பா தோற்கவில்லை. வரப்போவது யாருடைய காலம் என்பது மட்டும் அன்றே தெரிந்திருக்கவேண்டும்.

போர்க்காலம் அது. பிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாதென்று அரசு கட்டுப்படுத்தியிருந்தது. நிமிடத்துக்கு 90 அடி என்று கணக்குப் பார்த்தால் இரண்டு மணித்தியாலம், அதற்குமேல் ஓரிரு நிமிடம். விடியவிடிய ஆடும் கதை அதற்குள் அடங்கவேண்டும். விசுவாமித்திரரின் சபதம், நாடிழத்தல், நட்சத்திரேயனின் கடன் வசூல், காசியில் மனைவியை விற்றல், மயானம் எல்லாம். எந்த இடத்திலும் தங்க நேரமில்லை. நடிகனுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அதைக் காட்ட இடமில்லை.

வைரமுத்து செய்தது நேர்மாறு. முழுக் கதையிலிருந்து மயானத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதையே தனி நாடகமாக்கி நிறுத்தினார். பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். சுடலை காக்கும் அடிமை, அவள் தன் மனைவியென்று அறியாமலும் பின் அறிந்தும், முழத்துண்டும் கால்பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். இவ்வளவுதான் சம்பவம். இதற்குள்ளே எத்தனை இரவுகள்! ஒவ்வோர் இரவும் பாட்டு நீளும், குறையும். எதிரே நிற்கும் சந்திரமதியின் குரலைப் பொறுத்து, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் சனத்தின் அழுகையைப் பொறுத்து அளவு மாறும். ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்தவர் என்று அவரைக் குறைத்துப் பேசுவோர் இதைக் கவனிப்பதில்லை. ‘பக்த நந்தனார்’ உட்பட வேறு நாடகங்களும் அவருக்குக் கைவந்தவை. ஆனால் அவருடைய பன்முகத் திறமை வேடங்களின் எண்ணிக்கையில் இருக்கவில்லை. ஒரு வேடத்துக்குள் அவர் எடுத்த தூரத்தில் இருந்தது.

அரசன் ஒருவன் சுடலைக் காவலனாகி, தீண்டத்தகாதவன் என்று ஊர் சொல்லும் வீரவாகுவுக்கு அடிமையாக நிற்கும் காட்சியை யாழ்ப்பாணம் வாயடைத்துப் பார்த்தது. அதே யாழ்ப்பாணத்தில், மயிலிட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் நுழையக்கூடாதென்று 1968இல் கதவடைத்து நின்றார்கள். மேடையில் வெட்டியானுக்காக அழுத கண்களில் சில, மறுநாள் பகலில் அந்தக் கதவுக்குக் காவல் நின்றிருக்கலாம். கலை மனிதரைத் திருத்தும் என்று நம்புவோருக்கு இது கசப்பான செய்தி. ஆனாலும் அந்தக் காட்சி ஆண்டுக்காண்டு, ஊருக்கூர், அதே சனத்தின் முன்னால் நிறுத்தப்பட்டுக்கொண்டே இருந்தது என்பதில் ஒரு பிடிவாதம் உண்டு. சின்னப்பாவின் படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஓடி முடிந்ததும் பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

இதனால் திரைக்குப் போனது தவறென்று நான் சொல்லவரவில்லை. சின்னப்பாவின் குரல் இசைத்தட்டாகவும் படமாகவும் போகாமல் இருந்திருந்தால் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்திராது. கொட்டகைக் கூத்துக்காரர்கள் திரைப்பாட்டு மெட்டுகளைக் கூச்சமின்றி எடுத்துத் தங்கள் பாட்டோடு ஒட்டிக்கொண்டார்கள். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் முதலில் சேர்ந்து நடித்தது 1920களில் இலங்கை மேடையில்தான் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அக்கரையும் இக்கரையும் ஒரே இரசனை வெளியாக இருந்த காலம். பார்சி மேடை கஸலைக் கொண்டுவந்ததுபோல், படம் சின்னப்பாவின் மெட்டைக் கொண்டுவந்தது. அதில் முறைப்பாடு சொல்ல எதுவுமில்லை.

முறைப்பாடு வேறிடத்தில். 1944இல் இலட்சுமிகாந்தன் கொலைவழக்கில் பாகவதர் கைதாகி 1947 வரை சிறையிலிருந்தார். அந்த ஆண்டுகளில் களம் முழுவதும் சின்னப்பாவுக்குத் திறந்திருந்தது. ஆனால் அந்தக் காலப்பகுதிதான் அவருடைய மிகச் சோர்வான படங்களின் காலப்பகுதியும். ‘அர்த்தநாரி’, ‘விகடயோகி’, ‘துளசி ஜலந்தர்’ என்று பெயர்களை அடுக்கலாம். நினைவில் நிற்கும் காட்சியைச் சொல்வது கடினம். தயாரிப்பாளர்கள் அவரிடம் கேட்டது இன்னொரு வேடம், இன்னொரு சண்டை, இன்னொரு பாட்டு. இன்னோர் ஆழம் கேட்கவில்லை. அவரும் கொடுத்துக்கொண்டே இருந்தார். கேட்டதைக் கேட்ட அளவில் கொடுப்பதுதானே பாய்ஸ் கம்பனி கற்பித்த ஒழுக்கம். 1949இல் ‘மங்கையர்க்கரசி’யில் மூன்று வேடம். படம் ஓடியது. அதில் அவர் பாடிய காதல் பாட்டு ஒன்றை இன்றும் பழைய ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். மூன்று வேடங்களில் எது எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

சம்பாதித்த பணத்தில் புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார் என்றும், சமஸ்தானமே இனி இவருக்கு வீடு விற்கக்கூடாதென்று தடைபோட்டது என்றும் ஒரு கதை உண்டு. கதையாகவே இருக்கட்டும். கம்பனி வீட்டின் மூலையில் பாய் விரித்துப் படுத்த ஒருவனைப் பற்றி ஊர் அப்படி ஒரு கதை கட்டியிருப்பதே சுவையானது.

1951 செப்டெம்பர் 23இல் இறந்தபோது அவருக்கு வயது 35. ‘சுதர்சன்’ அவர் மறைந்தபின் வந்தது. அவர் வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. என்ன ஆயிற்று என்பதே போதுமான அளவுக்குச் சொல்கிறது. 1958இல் சிவாஜி கணேசன் நடித்து ‘உத்தமபுத்திரன்’ மீண்டும் வந்தது. அதே ஆண்டில் அவரே நடித்த ‘காத்தவராயன்’ வந்தது. 1968இல் அவருடைய ‘ஹரிச்சந்திரா’ வந்தது. சின்னப்பாவின் மூன்று வேடங்கள் அடுத்த தலைமுறையின் மாபெரும் நடிகனிடம் போய்ச் சேர்ந்தன, பாட்டை மட்டும் வழியில் விட்டுவிட்டு. பாட்டு டி. எம். சௌந்தரராஜன் போன்றோரிடம் போயிற்று. வாள் எம். ஜி. ஆரிடம் போயிற்று. அவரும் 1958இலேயே ‘நாடோடி மன்ன’னில் இரட்டை வேடம் போட்டார். கோமாளித்தனம் தனி நடிகர்களிடம் போயிற்று. ஒருவரிடம் இருந்ததைப் பலர் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஐந்து சின்னப்பாக்களைக் கண்டு வியந்த திரை, அடுத்த பத்தாண்டில் ஒரு சின்னப்பாவை ஐந்து பேராக்கிவிட்டது.

இக்கரையில் பாட்டும் நடிப்பும் ஒரே உடம்பில் மேலும் நாற்பது ஆண்டுகள் தங்கின. வைரமுத்து 1989இல் மறைந்தார். மறு ஆண்டு ஜூனில் போர் மயிலிட்டியையும் காங்கேசன்துறையையும் வெறுமையாக்கியது. மக்கள் முகாம்களுக்குப் போனார்கள். கோயில் வீதியும் கொட்டகை போடும் வெளியும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டன. அதே 1990இன் ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஒரே கொட்டகையில் பாய் விரித்திருந்திருக்கக்கூடிய இரு சனங்களும், நான்கு மாத இடைவெளியில், வெவ்வேறு கைகளால் அகற்றப்பட்டார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களிடம் திரும்பி வந்தது.

மீண்டு வந்தவர்களிலும், புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களிலும், அந்த இரவுகளைக் கண்டவர்கள் இன்று எண்பதைத் தொட்டிருப்பார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியவை பெரிய கேள்விகள் அல்ல. மயானத்தில் வாய்க்கரிசி கேட்கும் இடத்தில் வைரமுத்து எந்த மெட்டில் பாடினார்? ஹார்மோனியத்தில் யார் இருந்தார்? சின்னப்பாவின் எந்தப் பாட்டு எந்த நாடகத்துக்குள் புகுந்தது? யாராவது ஒரு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் முன்னால் வைத்தால், பாடியே காட்டக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள்.